பக்கத்து ஒயரில் கரண்ட் இருக்கிறது, தம்பி

எலக்ட்ரிக்கல் வேலை பழக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். நீ கை வைக்கப் போகிற ஒயரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சோதித்துவிடுவோம், அதனால் அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதே பெட்டிக்குள் விரல் அகலம் தள்ளி இன்னொரு ஒயர் போகிறதே, இன்றைய வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒயர், அதைத்தான் நீ பயந்து பார்க்க வேண்டும். நான் கண்ணால் பார்த்த ஷாக்குகளில் பெரும்பாலானவை அந்த மாதிரி ஒயரிலிருந்து வந்தவைதான்.

படிக்கும்போது படத்தில் ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு பல்பு இருக்கும். சுவிட்சை அணைத்தால் கதை முடிந்தது. நிஜக் கட்டிடத்தில் ஒரே பெட்டிக்குள் விளக்குக்கு ஒரு எம்சிபியிலிருந்தும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) பிளக் பாயிண்டுக்கு வேறு எம்சிபியிலிருந்தும் லைன் வந்திருக்கும், இன்வர்ட்டர் லைன் தனி வழியில் வந்திருக்கும், நடுவில் எவனோ என்றைக்கோ ஒரு அவசரத்துக்கு இழுத்துவிட்டுப் போன லூப் ஒன்றும் இருக்கும், அதை எந்த வரைபடத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இதில் ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு “ஆஃப் பண்ணியாச்சு” என்று சொன்னால் அந்தப் பெட்டியில் பாதிதான் ஆஃப். “மெயினையே இறக்கிட்டேன் அண்ணே” என்று பெருமையாகச் சொல்வார்கள். மெயின் இறங்கியதும் இன்வர்ட்டர் தானாகவே எழுந்து தன் லைனுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும், அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் தானாக மாறுகிற ஏற்பாடு இருந்தால் சில நொடிகள் கழித்து அதுவும் வரும். மாடியில் சோலார் பேனல் இருந்தால், வெளிச்சம் படுகிற வரைக்கும் அந்த டிசி ஒயர்களை எந்த மெயினாலும் கொல்ல முடியாது. அதனால் ஒரு இடத்துக்குப் போனதும் நான் முதலில் கேட்கிற கேள்வி, “இங்கே கரண்ட் எத்தனை வழியில் வருது?” என்பதுதான். மெயின் எங்கே இருக்கிறது என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டால், கணக்கைப் பார்த்தாலே புரியும். ஒரு மில்லியாம்பியர் அளவில் விரலில் சுருக்கென்று தெரிய ஆரம்பிக்கும். சுமார் 10 மில்லியாம்பியரைத் தாண்டினால் கைத் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட வேண்டும் என்று மூளை சொன்னாலும் கை கேட்காது. 30 மில்லியாம்பியர் அளவில் கொஞ்ச நேரம் நீடித்தாலே மூச்சும் இதயத் துடிப்பும் ஆபத்துக்குள் போய்விடும். இப்போது 230 வோல்ட்டை எடுத்துக்கொள். வியர்த்து ஈரமான கையும் நல்ல பிடியுமாக இருந்தால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் 230 மில்லியாம்பியர். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய எடுத்துக்கொள்வதே சுமார் 260 மில்லியாம்பியர்தான். அதாவது ஒரு பல்பை எரிய வைக்கிற கரண்ட்டைக்கூட உன் நெஞ்சு தாங்காது. 10 ஆம்பியர் எம்சிபி இருக்கிறதே என்கிறாயா, 10 ஆம்பியர் என்றால் 10,000 மில்லியாம்பியர். உன் உடம்பு வழியாக 230 மில்லியாம்பியர் போவதை அது ஒரு சின்ன பல்பு எரிகிறது என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக நிற்கும். எம்சிபி வைத்திருப்பது ஒயரைக் காப்பாற்ற, உன்னைக் காப்பாற்ற இல்லை.

மனிதனைக் காப்பாற்ற வைப்பது ஆர்சிசிபி, கரண்ட் வேறு வழியில் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், எவ்வளவு கரண்ட் வரைக்கும் மனிதனால் ஒயரை விட முடிகிறது என்று தாமாக முன்வந்த ஆட்களை வைத்தே அளந்து பார்த்தவர். அவரே 1961-ல் இந்த வகைப் பாதுகாப்புக் கருவி ஒன்றையும் உருவாக்கினார். போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்க்கிறது, 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும், வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக விழும். அருமையான பொருள், அது இல்லாத இடத்தில் கையில் பிடிக்கிற டிரில்லைக்கூட நான் சொருக விடமாட்டேன். ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. கரண்ட் வருகிற ஒயரான பேஸை ஒரு கையிலும், அது திரும்பிப் போகிற ஒயரான நியூட்ரலை இன்னொரு கையிலும் பிடித்தால் அதன் கண்ணுக்கு நீயும் பல்பு மாதிரி ஒரு லோடுதான். போனது அப்படியே திரும்பி வருகிறது, வித்தியாசம் இல்லை, அது விழாது.

இந்த எல்லையை நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு அலுவலகக் கட்டிடத்தில் பழைய விளக்குகளைக் கழற்றிப் புதியது மாட்டுகிற வேலை. நாங்கள் ஒரு பக்கம், இன்னொரு குழு அடுத்த பக்கம். அந்தக் குழுவில் ஒரு பையன், வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும், ஏணியில் ஏறி ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்தான். அவன் கற்றுக்கொடுத்தபடிதான் செய்தான். அந்த வரிசை விளக்குக்கான எம்சிபியை இறக்கினான், விளக்கு அணைந்ததைப் பார்த்தான், டெஸ்டரைப் பேஸில் வைத்தான், எரியவில்லை, நியூட்ரலில் வைத்தான், எரியவில்லை. நியூட்ரலில் மூன்று ஒயரைச் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, பழைய டேப், பசை உருகிக் கையில் ஒட்டுகிற மாதிரி. டேப்பைப் பிரித்து, பிளையரால் முறுக்கைத் தளர்த்தி, ஒரு முனையை இடது கை விரலிலும் மற்ற இரண்டை வலது கை விரலிலும் பிடித்து இழுத்தான். பிரிந்த அந்த நொடியில் சின்ன நீலப் பொறி. அதோடு ஒரு சத்தம், வார்த்தை இல்லை, தொண்டையிலிருந்து வருகிற சத்தம். உடம்பு பின்னால் துள்ளியதில் ஒயர் கையிலிருந்து உருவிக்கொண்டது, அதுதான் அவனைக் காப்பாற்றியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவன் இடுப்பைச் சேர்த்து அணைத்துக்கொண்டதால் விழவில்லை. இறக்கி உட்கார வைத்தபோது அவன் இரண்டு கை கட்டைவிரலிலும் கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி, நடுவில் குழிந்து, ஓரம் மஞ்சளாக. ரத்தமே இல்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். அடுத்த வரிசை விளக்குகள் வேறு எம்சிபியிலிருந்து எரிந்துகொண்டிருந்தன, ஆனால் அவற்றின் நியூட்ரலை யாரோ இந்தப் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். முறுக்கு சேர்ந்திருக்கிற வரைக்கும் அந்த நியூட்ரலில் கரண்ட் ஓடினாலும் எர்த்துக்கும் அதற்கும் இடையே வோல்டேஜ் கிட்டத்தட்ட இல்லை, அதனால் எந்த டெஸ்டர் வைத்தாலும் எரியாது. பிரித்த மறுகணம், விளக்குப் பக்கத்து முனைக்கு விளக்குகள் வழியாகவே பேஸ் வந்து நின்றுவிடும், போர்டுப் பக்கத்து முனை நியூட்ரலாகவே இருக்கும், நடுவில் இருந்தது அவனுடைய இரண்டு கை. இடது கையிலிருந்து வலது கைக்கு, நேராக நெஞ்சு வழியாக. போர்டில் ஆர்சிசிபி இருந்தது, விழவில்லை. இரண்டு சர்க்யூட்டும் அதன் கீழேதான் இருந்தன, அவன் வழியாகப் போன கரண்ட் ஒழுங்காக நியூட்ரலில் திரும்பி வந்துவிட்டது, அதற்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேஸ்தான் ஆபத்து, நியூட்ரல் ஒன்றும் செய்யாது என்றுதான் பல இடத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு. ஆகவே நான் பழக்குகிற யாரும் நியூட்ரல் ஜாயிண்டைப் பிரிப்பதற்கு முன், ஒயரைக் கவ்வியே அதில் ஓடுகிற கரண்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்து அதில் சேருகிற ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகக் கவ்விப் பார்க்க வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் காட்டும், அதனால் தனித்தனியாக. ஆம்பியர் காட்டினால் அந்த நியூட்ரலில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது யார் என்று கண்டுபிடித்து அதையும் இறக்குகிற வரைக்கும் கை வைக்கக் கூடாது. பூஜ்யம் காட்டினால் முழு நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஒன்றிரண்டு எல்இடி விளக்கு மட்டும் ஓடினால் அந்தச் சின்ன கரண்ட்டைச் சாதாரண கிளாம்ப் மீட்டர் கண்டுகொள்ளாது, அணைந்திருக்கிற லோடு எந்த நிமிஷமும் ஓட ஆரம்பிக்கலாம். முடிந்தால் அந்த போர்டையே முழுசாக இறக்கிவிட்டுச் செய்வது நல்லது. முடியாத இடத்தில், ஒயரின் தோலைப் பிடித்து, வெறும் செம்பைத் தொடாமல் பிரித்து, பிரிந்த முனைகளுக்கு இடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முனையையும் உடனே கனெக்டரில் மூடிவிட வேண்டும்.

மூன்று பேஸ் இணைப்பில் பொது நியூட்ரலைப் பிரித்தால் இன்னொரு கூத்தும் நடக்கும், 230 வோல்ட்டில் ஓட வேண்டிய சாமான்கள் சில, 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வாங்கிக் கருகிவிடும். அது தனிக் கதை.

அப்புறம் டெஸ்டர். பாக்கெட்டில் வைத்திருக்கிற அந்த நியான் டெஸ்டரை நம்பி எத்தனை பேர் உயிரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். அது எரிவதற்கு உன் உடம்பே ஒரு ஒயராக இருந்தாக வேண்டும். நீ ஃபைபர் ஏணியில் ரப்பர் ஷூவோடு நின்றால் லைவ் ஒயரிலும் அது மங்கலாக எரியும், அல்லது எரிகிற மாதிரியே தெரியாது. வெயிலில் நின்று பார்த்தால் நன்றாக எரிவதே கண்ணுக்குத் தெரியாது. ஒயர் பக்கத்தில் கொண்டுபோனால் பீப் அடிக்கிற பேனா டெஸ்டர் இருக்கிறதே, அது லைவைத் தேடுவதற்கு உதவும், ஆனால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்ட அதை வைத்துக்கொள்ளக் கூடாது. டிசியை அது பார்க்காது, மேலே உலோக உறை சுற்றிய கேபிளுக்குள்ளும் பார்க்காது, பேட்டரி இறங்கினால் எதையுமே பார்க்காது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும்.

கரண்ட் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு புரோப் உள்ள வோல்டேஜ் டெஸ்டரோ, அந்த இடத்துக்குத் தகுந்த கேட் ரேட்டிங் (எந்த மாதிரி இடத்தில் பாதுகாப்பாக வைக்கலாம் என்று மீட்டரில் போட்டிருக்கிற தரம்) உள்ள நல்ல மல்டிமீட்டரோ வேண்டும், டிஸ்ட்ரிபியூஷன் போர்டு என்றால் குறைந்தது கேட் 3. அதையும் முதலில் லைவ் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் வேலை இடத்தில் பார்க்க வேண்டும், அப்புறம் திரும்பவும் அந்த லைவ் இடத்துக்கே போய் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் புரோப் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், செத்த லைனும் பூஜ்யம்தான் காட்டும், இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுப்பது அந்தக் கடைசிச் சோதனை ஒன்றுதான். அளக்கும்போது பேஸ்-நியூட்ரல் மட்டும் பார்த்துவிட்டு நகரக் கூடாது. நியூட்ரல் எங்கேயோ அறுந்திருந்தால் பேஸ் லைவாக இருந்தாலும் அந்த ஜோடியில் ஒன்றும் காட்டாமல் போகலாம். பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று பேஸ் என்றால் மொத்தம் 10 அளவு வரும், பேஸுக்குப் பேஸ் 3, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 3, பேஸுக்கும் எர்த்துக்கும் 3, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1. சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு நிமிஷம் ஆகுமா?

மல்டிமீட்டரில் இன்னொரு விஷயம், சிவப்புப் புரோபை ஆம்பியர் துளையில் சொருகி வைத்துவிட்டு வோல்டேஜ் பார்க்கப் போவது. ஆம்பியர் துளையில் மீட்டர் கிட்டத்தட்ட நேர் ஒயர் மாதிரிதான், பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தால் ஷார்ட். நல்ல மீட்டர் என்றால் உள்ளே ஃபியூஸ் போகும். மட்டமான மீட்டர் கையிலேயே வெடிக்கும். ஒவ்வொரு முறையும் புரோப் எந்தத் துளையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், நேற்று நான்தானே சொருகினேன் என்பதெல்லாம் வேண்டாம், நடுவில் யார் எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஒயர் நிறத்தைப் பார்த்து முடிவு கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது ஒரு முறை. பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்று பேஸ், நீலம் நியூட்ரல் என்பது இன்னொரு முறை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், கறுப்பும் நீலமும் அப்படியே இடம் மாறியிருக்கும். ஒரு முறையில் நியூட்ரலாக இருப்பது இன்னொன்றில் பேஸ். பழைய கட்டிடத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தாலோ, வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தாலோ, ஒரே பேனலில் இரண்டு முறையும் கைகோத்துக்கொண்டு நிற்கும். இதுபோக, ரோல் தீர்ந்துபோய்க் கையில் கிடைத்த நிறத்தை இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு, பச்சை ஒயரில் பேஸ் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். நிறம் ஒரு யோசனைதான் சொல்லும், முடிவை மீட்டர் சொல்லட்டும்.

இறக்கியது இறங்கியபடியே இருக்க வேண்டும், அதற்குப் பூட்டு. ஒரு வேலை இடத்தில் நடந்தது. எங்கள் ஆள் எம்சிபியை இறக்கிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தளத்தைச் சுத்தம் செய்ய வந்த அம்மா, பிளக்கில் கரண்ட் வரவில்லை என்று காவலாளியிடம் சொல்ல, அவர் நல்ல எண்ணத்தோடு வந்து “ஏதோ ட்ரிப் ஆகியிருக்கு” என்று தூக்கிவிட்டார். இதில் யாரைக் குறை சொல்வது? கீழே விழுந்த எம்சிபி அவருக்கு ஒரு பழுது மாதிரிதான் தெரியும். எங்கள் ஆள் அந்த நேரம் கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அளவு எடுத்துக்கொண்டிருந்தார், அதனால் தப்பித்தார். அன்றிலிருந்து எம்சிபி மேல் மாட்டுகிற சின்னப் பூட்டுக் கிளிப் எங்கள் பையில் எப்போதும் இருக்கும். வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்ட வேண்டும், சாவி அவரவர் பாக்கெட்டில், பெயரும் நேரமும் எழுதிய அட்டை ஒன்று தொங்க வேண்டும். ஹெல்பர்தானே, பெரியவர் பூட்டு போதும் என்று விடக் கூடாது, ஏனென்றால் பெரியவர் தன் வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், ஹெல்பர் கடைசி மூடியை மாட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பான். பழைய ஃபியூஸ் கேரியர் உள்ள இடம் என்றால் கேரியரையே உருவிப் பையில் போட்டுக்கொள்.

இதெல்லாம் ஆஃப் செய்ய முடிகிற இடத்துக்கு. ஆஃப் செய்யவே முடியாத லைன் பக்கத்தில் போகும்போது வேறு கணக்கு. பேனலில் மெயின் சுவிட்சை இறக்கினாலும் அதற்கு உள்ளே வருகிற கேபிளும் அதன் டெர்மினலும் லைவாகவேதான் இருக்கும், இதைப் புதியவர்கள் மறந்தேபோவார்கள். அந்தப் பக்கத்தைக் காப்புத் தகடோ காப்பு விரிப்போ போட்டு மூடிய பிறகுதான் உள்ளே கை போக வேண்டும். லைவ் பேனலுக்கு மேலே நின்று ஸ்க்ரூ மாட்டுவது எனக்குப் பிடிக்காத காட்சி. ஒரு வாஷர் நழுவி பஸ்பார் எனப்படும் கரண்ட் ஓடுகிற உலோகப் பட்டை இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஷாக்கைவிட மோசமானது வரும், ஆர்க் என்கிற பெரிய தீப்பொறி வெடிப்பு. அந்த ஆர்க்கின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். ஒரு முறை சில அடி தள்ளி நின்று அப்படி ஒன்றைப் பார்த்தேன். சத்தம் காதில் அடித்தது, கண்ணில் ரொம்ப நேரம் ஒரு பச்சைக் கோடு போகவே இல்லை, பேனல் கதவின் உள்பக்கம் முழுக்கச் செம்புத் துகள் தெளித்து ஒட்டியிருந்தது. கதவு முக்கால்வாசி சாத்தியிருந்ததால் யார் முகத்திலும் படவில்லை. அதனால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்கிற முனை உள்ள டிரைவர், பாலியெஸ்டர் கலக்காத பருத்திச் சட்டை, முழுக்கை, முகத்துக்குக் கவசம் எல்லாம் வேண்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது தோலோடுதான் வரும். மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச், கழுத்துச் சங்கிலி, கையில் காப்பு, எல்லாம் வேலைக்கு முன் கழற்றிப் பையில். சாமி காப்பு கழற்ற மாட்டேன் என்று ஒரு தம்பி சொன்னான், சரி, அப்படியானால் பேனல் பக்கம் வராதே, பைப் வேலை பார் என்றேன். மறுநாள் கழற்றிவிட்டு வந்தான்.

ஒயர் இழுப்பதற்காகப் பைப்புக்குள் ஸ்பிரிங் விடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரும்பு ஸ்பிரிங்கை இந்த முனையில் தள்ளிக்கொண்டிருப்பவனுக்கு அந்த முனை எங்கே போய் எட்டிப் பார்க்கிறது என்று தெரியாது. அந்த முனை நேராக லைவ் போர்டுக்குள் போய் நிற்கும், ஸ்பிரிங் இவன் வெறும் கையில். லைவ் போர்டில் முடிகிற பைப் என்றால் நைலான் ஸ்பிரிங்தான், எதிர் முனையில் ஒரு ஆள் நிற்க வேண்டும், இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே தள்ள வேண்டும்.

பிளையர் பிடியில் டேப் சுற்றினால் அது காப்பு ஆகிவிடாது. 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணமும் அச்சிட்ட கருவிதான் கணக்கு, அதிலும் தோல் வெட்டுப்பட்டிருந்தால் தூக்கிப் போட வேண்டும். ரப்பர் கையுறையில் வகுப்பு 00 என்றால் 500 வோல்ட் வரை, வகுப்பு 0 என்றால் 1000 வோல்ட் வரை. போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்திப் பார், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று போவது கன்னத்தில் தெரியும். அதற்கு மேலே தோல் கையுறை. அலுமினிய ஏணி எங்கள் வண்டியில் ஏறவே ஏறாது.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ், யுபிஎஸ் போன்றவற்றுக்குள் கரண்ட்டைச் சேமித்து வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கும். சப்ளையை எடுத்த பிறகும் உள்ளே டிசி நிற்கும், 400 வோல்ட் மூன்று பேஸ் டிரைவ் என்றால் சுமார் 560 வோல்ட். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருப்பார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்து, அப்புறமும் டிசியில் அளந்து பார்த்துவிட்டுத் தொடு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஆட்கள் அடிபடுவதற்குப் பெரிய காரணம் வாயைத் திறக்காததுதான். புதிதாக வந்தவனுக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். “ஆஃப் பண்ணிட்டேன், போய்ப் பிரி” என்று பெரியவர் சொன்னால், நான் ஒருமுறை பார்த்துக்கட்டுமா என்று கேட்பது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். நான் பழக்குகிறவர்களுக்கு அதை விதியாகவே வைத்திருக்கிறேன். நான் ஆஃப் செய்து நானே சோதித்திருந்தாலும், கை வைக்கப் போகிறவன் திரும்பவும் சோதிக்க வேண்டும், என் கண் முன்னாலேயே. எதை இறக்கினீர்கள், எதை வைத்துச் சோதித்தீர்கள், பூட்டுச் சாவி யாரிடம், இந்தப் பெட்டியில் வேறு என்ன லைவாக இருக்கிறது, இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆளிடம் வேலை பழகாதே. திட்டினால் திட்டட்டும், கருவியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நில். கூட வேலை பார்க்கிற பெரியவர்களுக்கும் சொல்கிறேன், “சின்ன ஷாக்தானே, இதுக்கெல்லாமா”, “லைவ்ல வேலை செஞ்சாத்தான் எலக்ட்ரீசியன்” என்கிற பேச்சை நிறுத்துங்கள் அண்ணே. நீங்கள் தப்பித்தது காய்ந்த கையாலும் ஷூவாலும், அன்றைக்குக் கரண்ட் போன வழியாலும்தான். அதைப் பார்த்து வளர்கிற பையனுக்கு வியர்த்த கையாக இருக்கும்.

குறிப்பாகச் சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில், இன்னும் ஒரே ஒரு பாயிண்டுதான் என்கிறபோது கவனமாக இரு. அந்த ஒரே ஒரு பாயிண்டுக்காக எம்சிபியை இறக்க யாரும் நடந்துபோக மாட்டார்கள். நடந்து போ.

யாருக்காவது அடித்துவிட்டால் முதலில் அவரைத் தொடாதே. கை இறுகிப் பிடித்திருந்தால் நீயும் அதே கரண்ட்டில் சேர்ந்துகொள்வாய். மெயினை இறக்கு, பிளக்கை உருவு. முடியாவிட்டால், வீட்டு அளவு வோல்டேஜ் என்றால் மட்டும், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக்காலோ தள்ளி விலக்கு. உயர் அழுத்த லைன் என்றால் கிட்டேயே போகாதே, சப்ளை துண்டித்தாயிற்று என்று உறுதி வருகிற வரைக்கும் தரையில்கூடக் கரண்ட் இருக்கலாம். விலக்கியதும் ஆள் பேசவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு ஒருவரைச் சொல்லிவிட்டு நீ நெஞ்சின் நடுவில் இரண்டு கையை வைத்து அழுத்த ஆரம்பி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், நிறுத்தாமல். இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற ஏஇடி பெட்டி அந்தக் கட்டிடத்தில் இருந்தால் ஓடிப்போய் எடுத்து வரச் சொல், அது பேசியே வழிகாட்டும். இதை ஒரு நாள் பயிற்சியில் பொம்மையின் மேல் செய்து பழகியிருப்பது அவசியம், படித்துத் தெரிந்துகொண்ட கைக்கு அந்த அழுத்தம் வராது.

எழுந்து உட்கார்ந்து “ஒண்ணும் இல்லண்ணே” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஜங்ஷன் பெட்டிப் பையனும் அதையேதான் சொன்னான், அவனுடைய ஆட்கள் தண்ணீர் கொடுத்து மறுபடி ஏணியில் ஏற்றப் பார்த்தார்கள், நாங்கள்தான் விடவில்லை. தோலில் கடுகளவு புள்ளிதான் தெரியும், உள்ளே போன வழியில் தசை வெந்திருக்கலாம், துடிப்பு தாளம் தவறிக்கொண்டிருக்கலாம், ஈசிஜி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கூடப் போகிறவர் டாக்டரிடம் எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எந்தக் கையில் நுழைந்து எங்கே வெளியேறியது, எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, நினைவு தப்பியதா, உயரத்திலிருந்து விழுந்தாரா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அடிபட்டவருக்குப் பாதி நினைவிருக்காது, அதனால் பக்கத்தில் நின்றவர்தான் உடன் போக வேண்டும்.